வழி தவறுதல் குறித்த ஆங்கில மரபுத்தொடர்கள்

வழி தவறுதல் குறித்த ஆங்கில மரபுத்தொடர்கள் என்பவை, திசை தெரியாமை, வழி தொலைத்தல், கரை காணாமை முதலிய நிலைகளைக் கூறி, அவற்றின் வாயிலாக மனக்குழப்பம், உதவியின்மை, நோக்கமின்மை ஆகியவற்றை உணர்த்தும் சொற்றொடர்கள் ஆகும். இவற்றுள் பல, பாய்க்கப்பல் காலத்துக் கடலோடிகளின் தொழில்மொழியிலிருந்து தோன்றியவை. ஏனையவை காட்டுவழிப் பயணம், வேட்டை, தொன்மக் கதை ஆகியவற்றிலிருந்து வந்தவை.

மரபுத்தொடரின் பொருளை அதன் சொற்களைத் தனித்தனியே பொருள்கொண்டு அறிய இயலாது. எனினும், அத்தொடர் எந்தச் சூழலில் பிறந்தது என்பதை அறிந்தால் பொருள் எளிதில் விளங்கும். இக்கட்டுரையில் அச்சூழலை விளக்கப் பழவேற்காடு ஏரியும் அதனைச் சார்ந்த மீனவ ஊர்களும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன. ஆழமற்ற ஏரி, மணல்திட்டு, முகத்துவாரம், திறந்த கடல் ஆகிய நான்கும் அங்கே அருகருகே அமைந்துள்ளமையால், இத்தொடர்கள் குறிக்கும் நிலைகளை நேரடிப் பொருளிலேயே அங்கு காணலாம்.

## "லாஸ்ட்" என்னும் சொல்

ஆங்கிலத்தில் "லாஸ்ட்" என்பது "லூஸ்" என்னும் வினையின் இறந்தகால வடிவம் ஆகும். தமிழில் வெவ்வேறு வினைகளால் குறிக்கப்படும் பல பொருள்கள் இந்த ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. அவை:

- வழி தவறிய (காட்டில் வழி தவறிய பயணி)
- தொலைந்த, காணாமற்போன (தொலைந்த சாவி)
- இழந்த (இழந்த செல்வம்)
- தோற்ற (தோற்ற ஆட்டம்)
- வீணான (வீணான நேரம்)
- ஆழ்ந்த (சிந்தனையில் ஆழ்ந்தவர்)
- மாண்ட, மூழ்கிய (கடலில் மாண்டவர், மூழ்கிய கப்பல்)

ஆகவே "லாஸ்ட்" என்ற சொல் வரும் தொடர்கள் அனைத்தும் வழி தவறுதலைக் குறிப்பன அல்ல. மறுபுறம், வழி தவறுதலைக் குறிக்கும் தொடர்கள் பலவற்றில் இச்சொல் வருவதே இல்லை.

## பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள கடலோர ஊர் ஆகும். இதனையொட்டி அமைந்துள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கின்றது. தெற்கிலிருந்து ஆரணியாறும், வடமேற்கிலிருந்து காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன.

ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர் மட்டுமே. எனவே ஏரியின் பல இடங்களில் நீண்ட கழியைத் தரையில் ஊன்றிப் படகைத் தள்ளிச் செல்ல இயலும். முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குள் சென்றுவிட்டால் கழிக்குத் தரை எட்டாது. அங்கு துடுப்பு, பாய், பொறி ஆகியவற்றையே நம்ப வேண்டும். முகத்துவாரமும் நிலையானது அன்று. அலைகள் ஒதுக்கும் மணலால் அது தூர்ந்து போவதும், வெள்ளக் காலத்தில் மீண்டும் திறப்பதும் உண்டு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் "பாடு" என்னும் வழக்கத்தைப் பின்பற்றி வந்துள்ளனர். எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை இம்முறை வரையறுக்கின்றது. எனவே நீர்ப்பரப்பில் தாம் இருக்குமிடத்தைத் துல்லியமாக அறிவது, இவர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பு மட்டுமன்றி உரிமை சார்ந்த செய்தியும் ஆகும்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்திய நிறுவனத்தினர் 1613-இல் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் ஆட்சி மையமாக இவ்வூர் விளங்கியது. 1824-ஆம் ஆண்டின் ஆங்கில-ஒல்லாந்த உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1825-இல் இது பிரித்தானியர் வசமாயிற்று. பெரிய கப்பல்கள் ஆழமற்ற ஏரிக்குள் நுழைய இயலாமையால் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சிறு படகுகள் சரக்கையும் ஆட்களையும் ஏற்றிச் சென்றன.

இக்காலத்துக் கடல்வாழ்வின் சுவடுகள் மொழிகளிலும் உள்ளன. தமிழின் "கட்டுமரம்", 17-ஆம் நூற்றாண்டில் "கேட்டமரான்" என்னும் வடிவில் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. "விலகி நிற்கும்" என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லான "அலூஃப்", கப்பலைக் காற்று வரும் திசைக்குத் திருப்பிக் கரையிலிருந்து விலக்கி நிறுத்துவதைக் குறித்த கடல்வழக்கிலிருந்து வந்தது. அதன் வேர் ஒல்லாந்த மொழியின் "லூஃப்" என்னும் சொல் என்று கருதப்படுகின்றது. தமிழில் வழங்கும் "மாலுமி", அரபு மொழியின் "முஅல்லிம்" என்பதிலிருந்து பெறப்பட்டது.

## கடலிலிருந்து பிறந்த தொடர்கள்

### ஆல் அட் சீ

சொற்பொருள்: முற்றிலும் கடலில். வழக்குப்பொருள்: ஒன்றும் புரியாமல் குழம்பிய நிலையில்.

கரை கண்ணுக்கு மறைந்தபின் கப்பல் எங்கு உள்ளது என்பதை உறுதியாகக் கூற இயலாத காலத்தில் இத்தொடர் பிறந்தது. சூரியன், விண்மீன் ஆகியவற்றின் உயரத்தைக் கொண்டு வடக்கு-தெற்கு நிலையைக் கணிக்க முடிந்தது. ஆனால் கிழக்கு-மேற்கு நிலையைக் கணிக்கத் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்டது. இதற்குத் தீர்வு காண்போருக்குப் பரிசளிக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1714-இல் சட்டம் இயற்றியது. ஜான் ஹாரிசன் உருவாக்கிய கடற்கடிகாரம் 1761-62-இல் கடற்பயணத்தில் சோதிக்கப்பட்டது. "கடலில் இருத்தல்" என்பதைக் குழப்பம் என்னும் பொருளில், 1768-இல் வெளிவந்த வில்லியம் பிளாக்ஸ்டோனின் சட்ட உரைநூலிலேயே காணலாம்.

எடுத்துக்காட்டு: புதிய பாடத்திட்டம் வந்தபோது மாணவர்கள் முதல் மாதம் முழுவதும் "ஆல் அட் சீ" நிலையில் இருந்தனர். அதாவது, தலையும் வாலும் புரியாமல் தவித்தனர்.

### லூஸ் ஒன்ஸ் பேரிங்ஸ்

சொற்பொருள்: தன் திசைக்கோணங்களை இழத்தல். வழக்குப்பொருள்: தான் இருக்குமிடமோ, செய்யவேண்டியதோ தெரியாது திகைத்தல்.

கடலிலிருந்து பார்க்கும்போது ஓர் அடையாளம் எத்திசையில், எக்கோணத்தில் உள்ளது என்பதே "பேரிங்" ஆகும். இரண்டு அடையாளங்களின் கோணங்கள் தெரிந்தால், அவ்விரு கோடுகள் வெட்டும் புள்ளியே கப்பலின் இடம் ஆகும். பழவேற்காட்டுக் கரையில் 1859-இல் கலங்கரை விளக்கம் அமைக்கப்பட்டது. அதனையொட்டிய மீனவ ஊர் இன்றும் லைட் ஹவுஸ் குப்பம் என வழங்கப்படுகின்றது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் உயர்ந்த கட்டமைப்புகளும், தெற்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் பிற்காலத்தில் எழுந்தவை. இத்தகைய அடையாளங்கள் அனைத்தும் மூடுபனியிலோ மழையிலோ மறைந்துவிடும் நிலையே இத்தொடரின் நேரடிப் பொருள். மீண்டும் நிலைமையைப் புரிந்துகொள்வதை "கெட் ஒன்ஸ் பேரிங்ஸ்" என்பர்.

### அட்ரிஃப்ட்

சொற்பொருள்: நீரோட்டத்தால் அடித்துச் செல்லப்படும். வழக்குப்பொருள்: பற்றுக்கோடின்றி, நோக்கமின்றி.

நங்கூரம் அறுந்த அல்லது பொறி பழுதான படகு, காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் செல்லும். படகோட்டிக்குத் தான் இருக்குமிடம் தெரிந்திருந்தாலும் படகு அவர் கட்டுப்பாட்டில் இல்லை. எனவே இத்தொடர் அறியாமையைவிடப் பற்றின்மையையே மிகுதியும் குறிக்கின்றது.

### ரடர்லெஸ்

சொற்பொருள்: சுக்கான் இல்லாத. வழக்குப்பொருள்: வழிநடத்துவோர் இல்லாத.

பெரும்பாலும் அமைப்பு, கட்சி, நிறுவனம் ஆகியவற்றைக் குறித்து வழங்கும். தமிழில் "மாலுமி இல்லாத கப்பல் போல" என்பது இதற்கு நெருங்கிய இணை ஆகும். ஆங்கிலத் தொடர் கருவியின் குறையையும், தமிழ்த் தொடர் ஆளின் குறையையும் கூறுவது நோக்கத்தக்கது.

### ஆஃப் கோர்ஸ்

சொற்பொருள்: செல்லவேண்டிய வழியிலிருந்து விலகி. வழக்குப்பொருள்: திட்டமிட்டதிலிருந்து பிறழ்ந்து.

"நிச்சயமாக" என்னும் பொருள்தரும் "ஆஃப் கோர்ஸ்" வேறு. முன்னதன் முதற்சொல் ஆங்கிலத்தில் இரண்டு "எஃப்" எழுத்துகளும், பின்னதன் முதற்சொல் ஓர் "எஃப்" எழுத்தும் கொண்டவை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் அமைவதால் மாணவர்கள் மயங்க வாய்ப்புண்டு. 1629-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்திய நிறுவனத்தின் "படாவியா" என்னும் கப்பல், இன்றைய ஆசுதிரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பவளத்திட்டில் மோதி உடைந்தது. கிழக்கு-மேற்கு நிலையைக் கணிக்க இயலாத காலத்தில், வழி விலகியதைக் கப்பல் மோதிய பின்னரே அறிய நேர்ந்தது என்பதற்கு அது சான்று.

### அப் த கிரீக் விதவுட் எ பேடில்

சொற்பொருள்: துடுப்பின்றிக் கழியின் உட்பகுதியில். வழக்குப்பொருள்: தப்பிக்க வழியில்லாத இக்கட்டில்.

"கிரீக்" என்பது பிரித்தானிய வழக்கில் கடலிலிருந்து நிலத்துக்குள் நுழையும் குறுகிய நீர்வழியையும், அமெரிக்க வழக்கில் சிற்றாற்றையும் குறிக்கும். பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள எண்ணூர்க் கழிமுகம் முதற்பொருளுக்கு எடுத்துக்காட்டு. தமிழில் உப்பங்கழியும், படகைத் தள்ளும் கோலும் "கழி" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. கழியில் கழியின்றி நிற்பவரின் நிலையே இத்தொடர் கூறும் நிலை ஆகும். இது பேச்சுவழக்குத் தொடர். தேர்வு விடைகளிலும் அலுவல் மடல்களிலும் இதனைத் தவிர்த்தல் நன்று.

### அவுட் ஆஃப் ஒன்ஸ் டெப்த்

சொற்பொருள்: கால் எட்டாத ஆழத்தில். வழக்குப்பொருள்: தன் அறிவுக்கும் திறனுக்கும் அப்பாற்பட்ட செயலில் சிக்கி.

தமிழில் கால் ஊன்றி நிற்கக்கூடிய ஆழத்துக்கு "நிலை" என்று பெயர். "நிலைகொள்ளாமை" என்பது ஆழம் மிகுந்து கால் பாவாத தன்மையையும், மனத்தின் அமைதியின்மையையும் ஒருங்கே குறிக்கும். இவ்விடத்தில் இரு மொழிகளும் ஒரே உவமையைத் தனித்தனியே கண்டுள்ளன.

### இன் அன்சார்ட்டட் வாட்டர்ஸ்

சொற்பொருள்: வரைபடத்தில் குறிக்கப்படாத நீர்ப்பரப்பில். வழக்குப்பொருள்: முன்னனுபவம் இல்லாத சூழலில்.

இத்தொடர் அச்சத்தை மட்டுமன்றிப் புதுமையையும் குறிக்கும். எனவே இதனை எப்போதும் "வழி தவறிய" என்று மொழிபெயர்த்தல் பொருந்தாது.

### ஹை அண்ட் ட்ரை

சொற்பொருள்: உயரத்தில், உலர்ந்த நிலையில். வழக்குப்பொருள்: உதவியின்றிக் கைவிடப்பட்டு.

கடல்நீர் வற்றத்தில் பின்வாங்கியபின் மணல்மேல் சிக்கி நிற்கும் கப்பலைக் குறித்து எழுந்தது. தமிழில் இதே பொருளுக்கு "நட்டாற்றில் விடுதல்" என்பது வழக்கு. ஆங்கிலம் கைவிடப்பட்டவரை உலர்ந்த தரையில் நிறுத்துகின்றது. தமிழ் அவரை ஆற்றின் நடுவில் விடுகின்றது. இவ்வேறுபாட்டின் காரணம் பின்னர் விளக்கப்படுகின்றது.

## காடு, வேட்டை, கதை ஆகியவற்றிலிருந்து பிறந்த தொடர்கள்

- கேன்ட் சீ த வுட் ஃபார் த ட்ரீஸ்: "மரங்களால் காடு தெரியவில்லை" என்பது சொற்பொருள். சிறு விவரங்களில் சிக்கி முழுமையைக் காணத் தவறுதல் என்பது வழக்குப்பொருள்.
- அவுட் ஆஃப் த வுட்ஸ்: "காட்டைவிட்டு வெளியே" என்பது சொற்பொருள். ஆபத்து நீங்கிய நிலையைக் குறிக்கும். நோயாளிகளைக் குறித்துப் பெரும்பாலும் எதிர்மறையில் வழங்கும். "இன்னும் கண்டம் நீங்கவில்லை" என்பது போன்றது.
- பிவில்டர்ட்: இது தனிச்சொல் ஆயினும் பிறப்பு ஒத்தது. வழியற்ற காட்டுவெளியில் அலையச் செய்தல் என்பது பழைய பொருள். இன்று "திகைத்த" என்னும் பொருளே உண்டு.
- அட் எ லாஸ்: என்ன செய்வது, என்ன சொல்வது என்று தெரியாத நிலை. மோப்பத்தைத் தவறவிட்டு நின்றுபோன வேட்டைநாய்களைக் குறித்த வழக்கு இது.
- பார்க் அப் த ராங் ட்ரீ: "தவறான மரத்தை நோக்கிக் குரைத்தல்". விலங்கு ஏறாத மரத்தடியில் நின்று குரைக்கும் வேட்டைநாயிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றியது. தவறான வழியில் தேடுதல் என்று பொருள்.
- லூஸ் த த்ரெட்: "நூலைத் தவறவிடுதல்". பேச்சின் தொடர்ச்சியை இழத்தல். நூலைப் பற்றிக்கொண்டு வழியறிதல் என்பது கிரேக்கத் தொன்மத்திலும் வருகின்றது. அதில் தீசியசு, அரியாட்னி தந்த நூலைப் பற்றிக்கொண்டு சிக்கல்வழி மாளிகையிலிருந்து மீள்கிறான். துப்பு என்னும் பொருள்தரும் "க்ளூ" என்ற சொல், நூற்பந்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்தே வந்தது.
- கோ ரவுண்ட் இன் சர்க்கிள்ஸ்: "வட்டமாகச் சுற்றுதல்". முயன்றும் முன்னேற்றமின்றி இருத்தல். இதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஜெர்மானியக் காடு ஒன்றிலும் துனீசியாவின் சகாரா பகுதியிலும் மனிதர்களை நடக்கச்செய்து கண்ட முடிவுகளை 2009-இல் வெளியிட்டனர். சூரியனோ நிலவோ தெரிந்தபோது நேராக நடந்தவர்கள், அவை மறைந்தபோது தம்மை அறியாமலே வட்டமிட்டு நடந்தனர்.

## வழி தவறுதலைக் குறிக்காத தொடர்கள்

- கெட் லாஸ்ட்: "தொலைந்து போ", "போய்விடு" என்று சினத்துடன் கூறுவது. ஆனால் "வி காட் லாஸ்ட்" என்பது "நாங்கள் வழி தவறினோம்" என்று பொருள்படும்.
- லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்: வியப்பினாலோ துயரத்தினாலோ பேச்சற்றுப்போதல்.
- லாஸ்ட் இன் தாட்: சிந்தனையில் ஆழ்ந்திருத்தல். இதில் குறைகூறல் இல்லை.
- லாஸ்ட் காஸ்: வெற்றிபெற வாய்ப்பில்லாத முயற்சி.
- லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்: மொழிபெயர்ப்பில் விடுபட்ட நயம் அல்லது பொருள்.
- லாஸ்ட் ஆன் சம்ஒன்: கூறியது ஒருவருக்குப் புரியாமலோ, உறைக்காமலோ போதல். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பது ஓரளவு ஒத்தது.

## தமிழ் மரபுத்தொடர்களுடன் ஒப்பீடு

தமிழிலும் வழி தவறுதல் குறித்த தொடர்கள் பல உள்ளன. "கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற் போல", "திக்குத் திசை தெரியாமல்", "நடுக்கடலில் தத்தளித்தல்", "நட்டாற்றில் விடுதல்", "துடுப்பிழந்த ஓடம்", "கிழக்கு மேற்குத் தெரியாமல்" ஆகியன அவற்றுட் சில.

இவற்றை ஆங்கிலத் தொடர்களோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படுகின்றது. ஆங்கிலக் கடல்வழித் தொடர்கள் பெரும்பாலும் கப்பலின் நிலையிலிருந்து பேசுகின்றன. சுக்கான், திசைக்கோணம், வரைபடம், செல்வழி ஆகியவற்றில் ஒன்றை இழத்தலே அவற்றில் வழி தவறுதல் ஆகும். தமிழ்த் தொடர்களுள் பல கரையின் நிலையிலிருந்து பேசுகின்றன. துன்பம் "கரை காணாதது". அதிலிருந்து மீள்வது "கரையேறுதல்". வாழ்வில் நிலைபெறுவது "கரைசேர்தல்". ஒன்றில் முழுத் தேர்ச்சி பெற்றவர் "கரைகண்டவர்". ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றவரைக் "கயிறுகளை அறிந்தவர்" என்னும் பொருளில் "நோஸ் த ரோப்ஸ்" என்பர். அதுவும் பாய்க்கப்பலின் கயிறுகளையே குறித்தது.

மேலே கூறிய "ஹை அண்ட் ட்ரை", "நட்டாற்றில் விடுதல்" ஆகியவற்றின் வேறுபாடும் இதனால் விளங்கும். ஆழ்கடற் கப்பலுக்குத் தரை ஆபத்தானது. ஆற்றைக் கடப்பவருக்கும் நாள்தோறும் கடலுக்குச் சென்று மீளும் மீனவருக்கும் தரையே புகலிடம்.

கடலில் கரை காணாத தவிப்பைக் குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் உவமையாக ஆண்டுள்ளார். எத்திசையிலும் கரை காணாது, புறப்பட்ட கப்பலின் பாய்மரத்துக்கே மீண்டுவரும் பறவையின் நிலை அதில் கூறப்படுகின்றது.

"கிழக்கு மேற்குத் தெரியாமல்" என்பது சோழமண்டலக் கரையில் தனிப்பொருள் பெறுகின்றது. இக்கரையில் கடல் கிழக்கே உள்ளது. நிலம் மேற்கே உள்ளது. மேற்கு எத்திசை என்று தெரிந்த மீனவர், தான் இருக்குமிடம் தெரியாவிடினும் கரையை அடைய இயலும். "மேல்" என்பதிலிருந்து மேற்கும், "கீழ்" என்பதிலிருந்து கிழக்கும் பெயர்பெற்றவை. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடல்நோக்கித் தாழ்வதோடு இப்பெயர்கள் பொருந்துகின்றன.

திசையை அறியக் காற்றும் துணைசெய்தது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை எனப் பழந்தமிழ் வழக்கு பகுத்தது. தென்மேற்கு அல்லது மேற்குக் காற்றைக் "கச்சான்" என்றும், தென்காற்றைச் "சோழகம்" என்றும் கடலோர வழக்கில் கூறுவர். இரவில் விடிவெள்ளியும், ஆறாமீன் எனப்படும் கார்த்திகை விண்மீன் கூட்டமும் அடையாளங்களாக விளங்கின.

## கடலில் காணாமற்போதல்

"ஆல் அட் சீ" என்பதும் "லாஸ்ட் அட் சீ" என்பதும் தோற்றத்தில் நெருங்கியவை. ஆனால் முன்னது குழப்பத்தைக் குறிக்கும் மரபுத்தொடர். பின்னது கடலில் உயிரிழந்ததைக் குறிக்கும் நேர்க்கூற்று. அவ்வாறே "லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்" என்பது, கப்பல் அதிலிருந்த அனைவரோடும் மூழ்கியது என்று பொருள்படும். இங்கு "ஹேண்ட்ஸ்" என்பது கைகளை அன்று, கப்பலில் பணிபுரிவோரைக் குறிக்கின்றது.

செய்திகளை மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு மிகவும் இன்றியமையாதது. தமிழில் "காணாமற்போன மீனவர்" என்பது, அவர் திரும்பிவரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு நேரான ஆங்கிலச் சொல் "மிஸ்ஸிங்" ஆகும். "லாஸ்ட்" என்று எழுதினால் அவர் இறந்துவிட்டார் என்றே படிப்போர் கொள்வர். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடற்பகுதியைத் தாக்கிய ஒக்கிப் புயலின்போது, தமிழ்நாடு, கேரள மீனவர் பலர் நெடுநாள் காணாமற்போனோர் பட்டியலில் இருந்தனர். அவர்களுள் வேறு மாநிலக் கரைகளை அடைந்து உயிருடன் மீண்டோரும் உண்டு, திரும்பாதோரும் உண்டு.

சட்டமும் இவ்விரு நிலைகளையும் பிரித்தே காண்கின்றது. ஒருவர் உயிருடன் இருந்தால் இயல்பாகச் செய்தி அறியக்கூடியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எச்செய்தியும் கிட்டாதபோது, அவர் உயிருடன் இருக்கிறார் என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்தது. 2024 சூலை 1 முதல் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் இவ்விதியைக் கொண்டுள்ளது. உடல் கிடைக்காத மீனவரின் குடும்பத்துக்கு, இறப்புச் சான்று, காப்பீடு, சொத்துரிமை ஆகியவை இந்தக் காலவரையறையோடு தொடர்புடையவை. அரசு தனி ஆணைகளின் வழி முன்கூட்டியே உதவி வழங்குதலும் உண்டு. எனவே "காணாமற்போன" என்பதற்கும் "மாண்ட" என்பதற்கும் இடையிலான தொலைவு, கடலோர ஊர்களில் அகராதியோடு முடிவதன்று.

## திசையறி கருவிகளும் இத்தொடர்களும்

ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனம், வானியல், புவியியல், கடற்பயணம் ஆகியவற்றின் வளர்ச்சிக்காக 1792-இல் சென்னையில் வானாய்வகம் ஒன்றை அமைத்தது. கடலில் இருக்கும் இடத்தைக் கணிக்க, கரையில் உள்ள ஓரிடத்தின் நிலை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் காரணங்களுள் ஒன்றாகும்.

இன்று அப்பணியைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. இந்தியாவின் சொந்தத் திசையறி அமைப்பான "நாவிக்" வரிசையின் முதல் செயற்கைக்கோள், 2013 சூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் அதே தீவு இது. ஏவுதல் நாள்களில் பாதுகாப்புக் கருதி, சுற்றுவட்டார மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகின்றனர். கரைக்கு வழிகாட்டும் கருவி விண்ணுக்குப் புறப்படும் நாளில் படகுகள் கரையிலேயே நிற்கின்றன.

கருவிகள் வந்தபின்னும் தொடர்கள் மறையவில்லை. சுக்கானைக் கண்டிராதவரும் "ரடர்லெஸ்" என்று எழுதுகின்றனர். ஓடத்தில் ஏறியிராதவரும் "கரைசேர்ந்தேன்" என்கின்றனர்.

## மொழிபெயர்ப்போர் கவனத்துக்கு

1. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தல் கூடாது. "அவர் முற்றிலும் கடலில் இருக்கிறார்" என்று எழுதினால், தமிழில் அவர் மீன்பிடிக்கச் சென்றுள்ளார் என்றே பொருள்படும்.
2. தொடர் குறிப்பது அறியாமையா, உதவியின்மையா, நோக்கமின்மையா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். "ஆல் அட் சீ" அறியாமையையும், "அப் த கிரீக்" உதவியின்மையையும், "அட்ரிஃப்ட்" நோக்கமின்மையையும் குறிக்கும்.
3. நெருங்கிய தமிழ் இணை இருந்தால் அதனையே பயன்படுத்தலாம். இல்லாவிடின் பொருளை எளிய நடையில் எழுதுவதே சிறந்தது.
4. விபத்து, புயல் ஆகியவை குறித்த செய்திகளில் "லாஸ்ட்", "மிஸ்ஸிங்" ஆகிய சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது.
5. பேச்சுவழக்குத் தொடர்களை அலுவல்முறை எழுத்தில் தவிர்க்க வேண்டும்.

## இவற்றையும் பார்க்க

- மரபுத்தொடர்
- பழமொழி
- பழவேற்காடு ஏரி
- கலங்கரை விளக்கம்
- கட்டுமரம்
- திசைகாட்டி